லெஸ்டர் யங் கேட்கத் தொடங்குபவர்களுக்கு: எந்த மறுவெளியீட்டை வாங்குவது, எதை விடுவது

பாட்டுச் செயலி எதிலாவது அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் பெயரைத் தட்டிப் பாருங்கள். ஆல்பம் ஆல்பமாக வந்து கொட்டும். 'பெஸ்ட் ஆஃப்', 'எசென்ஷியல்', 'கலெக்‌ஷன்' என்று ஆளுக்கொரு பெயர், எல்லாவற்றிலும் தொப்பி போட்ட அதே மனிதரின் கருப்பு வெள்ளைப் படம். திறந்து பார்த்தால் முக்கால்வாசி இடத்தில் அதே பதிவுகள்தான் வரிசை மாறி இருக்கும். ஒன்றில் பின்னணி இரைச்சல் தாங்காது, இன்னொன்றில் இரைச்சலே இல்லை, ஆனால் சாக்ஸஃபோன் கம்பளிக்குள்ளிருந்து வாசித்த மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர் இங்கேயே சலித்துப்போய் வெளியேறிவிடுகிறார்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் எளிமையானது. லெஸ்டர் யங்கின் பெயர் சொல்லும் வாசிப்பெல்லாம் 1936-லிருந்து 1940-களின் நடுப்பகுதி வரை நடந்தது. அன்று நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு கிடையாது, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, சுமார் 3 நிமிடம், அவ்வளவுதான். ஆகவே அந்தக் காலத்தில் அவர் போட்ட 'ஆல்பம்' என்று ஒன்றுமே இல்லை. இன்று நீங்கள் பார்க்கிற ஆல்பம் ஒவ்வொன்றும் பிற்பாடு யாரோ உட்கார்ந்து கோத்தது. கோத்தவர் யார், எதிலிருந்து எடுத்துக் கோத்தார் என்பதில்தான் தரம் இருக்கிறது.

எனவே இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது ஒரே விஷயம்தான். அட்டையைப் பார்க்காதீர்கள், ஒலிப்பதிவுத் தேதியைப் பாருங்கள். மனைக்கு யார் என்ன பெயர்ப்பலகை மாட்டினாலும் சர்வே நம்பர் மாறாது இல்லையா, அதுபோல எந்த நிறுவனம் எந்தப் பெயரில் விற்றாலும் 'செஷன்' என்று இசைக்காரர்கள் சொல்லும் அந்த ஒலிப்பதிவு நாள் மாறாது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வசப்படும்.

முதல் படி: ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

நீட்டி முழக்கப்போவதில்லை. 1909 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தின் உட்வில் என்ற ஊரில் பிறந்தார், நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வளர்ந்தார். அப்பா நடத்திய குடும்ப பேண்டில் முதலில் ட்ரம்ஸ் வாசித்தவர், பிறகு சாக்ஸுக்கு மாறினார். அவர் வாசித்த சாக்ஸ் வகையான டெனர் என்றாலே கோல்மன் ஹாக்கின்ஸ் என்றிருந்த காலம் அது. கனமான, அதிர்வு நிறைந்த, அறையையே அடைத்துக்கொள்ளும் ஒலி ஹாக்கின்ஸுடையது. யங் அதற்கு நேர் எதிர். தன்னைப் பாதித்தவராக அவர் சொன்னது ஃப்ராங்கி ட்ரம்பாவர் என்ற வெள்ளைக்கார சாக்ஸ் கலைஞரை. மெல்லிய, காற்றோட்டமான, அதிர்வு குறைந்த ஒலி அங்கிருந்துதான் வந்தது. 1934-ல் ஹாக்கின்ஸ் ஐரோப்பா போனதும் ஃப்ளெச்சர் ஹெண்டர்சன் பேண்டில் அந்த நாற்காலி யங்குக்குக் கிடைத்தது. ஆனால் கூட வாசித்தவர்களுக்கு 'இவர் ஹாக்கின்ஸ் மாதிரி இல்லையே' என்று குறை. ஹெண்டர்சனின் மனைவி ஹாக்கின்ஸின் தட்டுகளைப் போட்டுக் காட்டி, இப்படி வாசியேன் என்றெல்லாம் பார்த்தார். ஆள் மசியவில்லை, சில மாதங்களில் கிளம்பிவிட்டார். கான்சஸ் சிட்டியில் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியின் பேண்டுக்குப் போய்ச் சேர்ந்தார். மீதி வரலாறு தட்டுகளிலேயே இருக்கிறது.

பாடகி பில்லி ஹாலிடே இவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பிரஸ்', அதாவது பிரசிடென்ட். இவர் அவருக்கு வைத்தது 'லேடி டே'. பல மறுவெளியீட்டு அட்டைகளில் லெஸ்டர் என்ற பெயரே இல்லாமல் வெறும் 'பிரஸ்' என்றிருக்கும். வேறு யாரோ என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

இரண்டாம் படி: ஒரே ஒரு பாட்டோடு தொடங்குங்கள்

தொகுப்பு எதையும் வாங்குமுன் 1936 நவம்பரில் சிகாகோவில் பதிவான 'லேடி பி குட்' ஒன்றை மட்டும் தேடி எடுங்கள். தேடும்போதே முதல் பாடம் கிடைத்துவிடும். அந்தத் தட்டில் லெஸ்டர் யங் பெயரும் இல்லை, பேஸி பெயரும் இல்லை. 'ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்ப்பரேட்டட்' என்று ஏதோ கம்பெனி பெயர் போல இருக்கும். பேஸி அப்போதுதான் டெக்கா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார், அதனால் வோக்காலியன் லேபிளுக்காகத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் செய்த இந்தப் பதிவில் அவர் பெயரைப் போட முடியாது. ட்ரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ், ட்ரம்பெட் வாசித்த கார்ல் ஸ்மித், இந்த இருவரின் பெயரை ஒட்டி ஒப்பேற்றினார்கள். (அந்த டெக்கா ஒப்பந்தம் 750 டாலர் பேசி, ராயல்டியே இல்லாமல் போட்டது. பேஸி பெரும்புகழ் பெற்றதெல்லாம் அந்தத் தட்டுகளில்தான். வயிற்றெரிச்சலான கதை.)

இனி கேளுங்கள். முதலில் பேஸியின் பியானோ ஒரு சுற்று, அதாவது மெட்டு ஒருமுறை முழுதாக, 32 அளவு (பார்). அது முடிந்த இடத்தில் யங் உள்ளே வருகிறார், இரண்டு சுற்று, மொத்தம் 64 அளவு. முதல் முறை கேட்கும்போது பெரிதாக ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். கத்தல் இல்லை, வேகம் காட்டல் இல்லை. இரண்டாம் முறை, எங்கே மூச்சு விடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். பாட்டின் வரி முடிகிற இடத்தில் அவர் வாக்கியம் முடிவதில்லை, அதைத் தாண்டிக்கொண்டு அடுத்த வரிக்குள் போய் முடிகிறது. கோடு போட்ட நோட்டில் கோட்டைப் பார்க்காமல் எழுதுகிறார், ஆனாலும் கடைசியில் பக்கம் சரியாக நிரம்பியிருக்கிறது. இந்த 64 அளவையும் அப்படியே மனப்பாடம் செய்த சாக்ஸ் கலைஞர்கள் ஏராளம். அவர் முதன்முதலாகத் தட்டுக்கு வாசித்த நாள் அது, வயது 27.

இது பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை, அன்றே முடிவெடுக்காமல் இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் ஒட்டவில்லையென்றால் பணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள், ஹாக்கின்ஸ் பக்கமோ, இன்னொரு டெனர்காரர் பென் வெப்ஸ்டர் பக்கமோ போகலாம்.

மூன்றாம் படி: வாசிப்பது யார் என்று பிரித்தறியப் பழகுங்கள்

பேஸி பேண்டில் டெனர் வாசித்தவர்கள் இரண்டு பேர். லெஸ்டர் யங் ஒருவர், ஹெர்ஷல் எவன்ஸ் இன்னொருவர். மலிவுத் தொகுப்புகளில் எவன்ஸ் வாசித்ததையும் 'லெஸ்டர் யங்' என்ற தலைப்பில் போட்டு விற்றுவிடுவார்கள். எவன்ஸ் ஹாக்கின்ஸ் வழி, தடித்த ஒலி, சுரத்தின் கடைசியில் நல்ல அதிர்வு.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க 1937 ஜூலையில் பதிவான 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' போதும். பியானோ முடிந்ததும் முதலில் வரும் டெனர் எவன்ஸ். அப்புறம் ட்ரம்போன். அதற்கடுத்து வரும் டெனர் யங். நடுவில் ட்ரம்போன் இருப்பதால் குழப்பமே வராது. இதை நாலைந்து முறை ஓட்டினால் பிறகு எந்தத் தட்டிலும் உங்கள் காதே சொல்லிவிடும். அடுத்து 'டாகின் அரவுண்ட்', 1938 ஜூன். அதிலும் எவன்ஸ் முதலில், யங் பின்னால். 'எவ்ரி டப்' யங்கோடுதான் தொடங்கும். 'ப்ளூ அண்ட் சென்டிமென்டல்' மட்டும் கவனம், அதில் டெனர் முழுக்க எவன்ஸ், கடைசியில் கொஞ்சநேரம் கேட்கும் கிளாரினெட்தான் யங். எவன்ஸ் 1939 பிப்ரவரியில் இறந்துபோனார், அவர் இடத்துக்கு பட்டி டேட் வந்தார். ஆகவே அதற்குப் பிந்திய தேதிப் பதிவு என்றால் நீங்கள் ஒப்பிட வேண்டிய ஆளே வேறு. தேதி பார்க்கச் சொன்னது இதற்கும்தான்.

நான்காம் படி: எந்தக் காலம், எந்த நிறுவனம்

இதுதான் வழிகாட்டியின் மையப் பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். யங்கின் பதிவுகள் பல நிறுவனங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே பெட்டியில் எல்லாமும் கிடைக்காததற்குக் காரணமும் அதுதான்.

1937 ஜனவரியிலிருந்து 1939 பிப்ரவரி வரை பேஸி பேண்ட் டெக்காவுக்குப் பதிவு செய்தது. டெக்கா இன்று யுனிவர்சல் கையில். இதற்கு 1992-ல் ஜிஆர்பி லேபிளில் வந்த 3 சிடி முழுத்தொகுப்பு இருக்கிறது, 63 பதிவுகள். பழைய சிடி விற்பவர்களிடம் இன்னும் கிடைக்கிறது. கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள்.

1936-ன் அந்த ஜோன்ஸ்-ஸ்மித் செஷனும், 1939, 1940-ல் பேஸி வோக்காலியனுக்கும் ஓகே லேபிளுக்கும் செய்ததும் கொலம்பியா வழியாக இன்று சோனி வசம். 'டாக்ஸி வார் டான்ஸ்' (1939 மார்ச்), 'லெஸ்டர் லீப்ஸ் இன்' (1939 செப்டம்பர்) எல்லாம் இங்கேதான். டாக்ஸி வார் டான்ஸில் யங்கின் சோலோ (தனி வாசிப்பு) தொடங்கும் முதல் சில சுரங்களைக் கவனியுங்கள், 'ஓல் மேன் ரிவர்' மெட்டை எடுத்து அப்படியே வேறு பக்கம் திருப்பிவிடுவார். லெஸ்டர் லீப்ஸ் இன்னில் ஒரே சுரத்தை வெவ்வேறு விரல் அமைப்பில் மாற்றி மாற்றி ஊதுவதைக் கேட்கலாம். சுரம் அதே, நிறம் வேறு. 2008-ல் மொசைக் நிறுவனம் இவற்றை 4 சிடியாக, கிடைத்த மாற்று டேக்குகளோடு (அதே பாட்டை அன்றே மறுபடி வாசித்த பதிவுகள்) போட்டது. ஒலி பிரமாதம்.

பில்லி ஹாலிடேயோடு வாசித்ததும் சோனி வசம்தான், ஆனால் அவற்றை லெஸ்டர் யங் பெயரில் தேடினால் பாதி வராது. 1937 ஜனவரி 25-ல் பியானோ கலைஞர் டெடி வில்சன் தலைமையில் முதல் செஷன் நடந்தது. 'திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்' அன்றுதான் பதிவானது. தட்டில் டெடி வில்சன் பெயர் இருக்கும், அல்லது பில்லி ஹாலிடே பெயர். அவர் பாடும்போது பின்னால் யங் வாசிப்பதை மட்டும் கேளுங்கள், பாட்டுக்கு வழிவிட்டுக்கொண்டே பேச்சில் கலந்துகொள்கிறார். அதே ஆண்டு ஜூனில் பதிவான 'மீ, மைசெல்ஃப் அண்ட் ஐ' இதற்கு நல்ல உதாரணம். யங்கின் எல்லாப் பதிவிலும் எனக்கு மிகப் பிடித்தது சோலோக்கள் அல்ல, இந்தப் பின்னணி வாசிப்புதான். ஹாலிடேயின் கொலம்பியா பதிவுகள் முழுவதும் 2001-ல் 10 சிடிப் பெட்டியாக வந்தது. பத்தும் வேண்டாம் என்றால், 1937, 1938 தேதியுள்ள பாட்டுகளை மட்டும் செயலியில் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். செலவே இல்லாத வேலை.

கமடோர் என்ற சின்ன லேபிளுக்கு 1938 செப்டம்பரில் 'கான்சஸ் சிட்டி சிக்ஸ்' என்ற பெயரில் ஒரு செஷன் நடந்தது. பியானோ இல்லை, எடி டர்ஹமின் மின்கிதார் உண்டு. யங் டெனரோடு கிளாரினெட்டும் வாசிக்கிறார். அவருடைய கிளாரினெட் பதிவுகள் குறைவு, அதனால் இது கட்டாயம். இங்கே ஒரு கண்ணி உண்டு. இதே ஆட்கள் அதே ஆண்டு மார்ச்சில் 'கான்சஸ் சிட்டி ஃபைவ்' என்று வேறொரு செஷன் செய்தார்கள், அதில் யங்கே இல்லை. இரண்டையும் சேர்த்து அவர் பெயரில் விற்பது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 'எங்கே ஐயா சாக்ஸ்?' என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

அப்புறம் 1942 ஜூலை, லாஸ் ஏஞ்சலஸ். நாட் கிங் கோல் பியானோ, ரெட் காலண்டர் டபுள் பேஸ், ட்ரம்ஸ் கிடையாது, மூன்றே பேர். நாலு பாட்டு. பாடகராகவே கோலைத் தெரிந்தவர்களுக்கு அவர் எப்பேர்ப்பட்ட பியானோக்காரர் என்பது இங்கே தெரியும். 1946-லும் இதேபோல ஒரு மூவர் செஷன் உண்டு, அதில் பேஸுக்குப் பதில் பட்டி ரிச்சின் ட்ரம்ஸ். கோல் வேறு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்ததால் தட்டில் 'ஐ கை' என்று பொய்ப்பெயர் போட்டார்கள். இரண்டு மூவர் குழுவையும் ஒரே செஷன் போலக் கலக்கி விற்கிற தொகுப்புகள் உண்டு. ட்ரம்ஸ் கேட்டால் 1946, கேட்காவிட்டால் 1942.

1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் இழுத்தடித்தன. கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பரில்தான் இறங்கி வந்தன. சின்ன லேபிள்கள் முன்னதாகவே சங்கத்தோடு ஒத்துப்போய் நல்ல கலைஞர்களை அழைத்துப் பதிவு செய்துவிட்டன. யங்கின் 1943 டிசம்பர், 1944 பதிவுகள் கீநோட், சவோய், கமடோர் என்று சின்ன லேபிள்களில் இருப்பதன் ரகசியம் இதுதான். இவற்றில் கீநோட் 1943 டிசம்பர் 28 செஷனைத் தவறவிடக் கூடாது. ஜானி குவார்னியேரி, ஸ்லாம் ஸ்டுவர்ட், சிட் கேட்லட் கூட வாசிக்க, நாலு பாட்டு. 'சம்டைம்ஸ் ஐம் ஹாப்பி' கேட்டால் புரியும், ஒரு மனிதன் எவ்வளவு சாவகாசமாக வாசிக்கலாம் என்று. செய்வித்தவர் ஹாரி லிம், இன்றைய ஜகார்த்தாவில் பிறந்தவர். கீநோட்டில் யங்கின் மாற்று டேக்குகளும் உண்டு, மாற்று டேக்குகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

1944 இலையுதிர் காலத்தில் யங்கை ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள். 1945 பிப்ரவரியில் அலபாமாவில் ராணுவ நீதிமன்றம், போதைப்பொருள் வைத்திருந்ததாகத் தண்டனை, ஜார்ஜியாவில் சிறை, ஆண்டின் கடைசியில் விடுதலை. வெளியே வந்ததும் அலாடின் லேபிளுக்குப் பதிவு செய்தார். 'டி.பி. ப்ளூஸ்' என்றால் அந்த ராணுவச் சிறையைக் குறிக்கும் சுருக்கம்தான். 'தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்' அதே சமயத்துப் பதிவு. ப்ளூ நோட் 1995-ல் போட்ட 2 சிடி அலாடின் தொகுப்பில் இவையும், மேலே சொன்ன 1942 மூவர் செஷனும் சேர்ந்தே கிடைக்கும். ஒரே ஒரு தொகுப்புதான் வாங்க முடியும், பணம் குறைவு என்பவர்களுக்கு நான் இதைச் சொல்வேன்.

அதன்பிறகு அவர் பதிவுகளைத் தயாரித்தவர் நார்மன் கிரான்ஸ், கடைசிவரை பெரும்பாலும் அவர்தான். இன்று வெர்வ் என்ற பெயரில் கிடைக்கும்.

ஐந்தாம் படி: பின்னட்டையைப் புரட்டுங்கள்

நல்ல மறுவெளியீட்டின் பின்னட்டையிலோ உள்புத்தகத்திலோ மூன்று விஷயம் கட்டாயம் இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் பதிவு தேதி, வாசித்தவர்கள் பெயர், மேட்ரிக்ஸ் எண். மேட்ரிக்ஸ் எண் என்பது பதிவு நடந்தபோதே மெழுகுத்தட்டுக்கு நிறுவனம் கொடுத்த வரிசை எண். கடைசியில் ஒரு கோடு போட்டு டேக் எண் இருக்கும். ஜோன்ஸ்-ஸ்மித்தின் 'ஷூ ஷைன் பாய்' சி-1657. அதில் சி என்றால் சிகாகோ. பின்னால் -1 என்றால் முதல் டேக், -2 என்றால் இரண்டாவது. இந்தத் தகவல் எதுவும் இல்லாமல் '20 கோல்டன் ஹிட்ஸ்' என்று மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

செயலிகளில் இன்னும் மோசம். ஆண்டு என்று போட்டிருப்பது பாட்டு பதிவான ஆண்டல்ல, அந்தத் தொகுப்பு பதிவேற்றப்பட்ட ஆண்டு. லெஸ்டர் யங் 2015-ல் ஆல்பம் போட்டதாகக் காட்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. பாட்டுப் பெயரைப் போட்டால் தேதி, மேட்ரிக்ஸ், ஆட்கள் எல்லாம் வரும். எந்தத் தொகுப்பில் எது இருக்கிறது என்பதற்கு டிஸ்காக்ஸ் என்ற இணையதளம். இரண்டையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் ஏமாறுவது கடினம்.

ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கான உரிமை முன்பு 50 ஆண்டுதான். 2013-ல் 70 ஆக நீட்டினார்கள், ஆனால் அதற்குள் காலாவதியானது காலாவதியானதுதான். ஆகவே யங்கின் காலத்தில் வெளிவந்த தட்டுகளை அங்கே யார் வேண்டுமானாலும் போடலாம். மலிவுப் பெட்டிகள் இவ்வளவு குவிந்ததற்கு இதுவே காரணம். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனின் ஜேஎஸ்பி லேபிளுக்கு ஜான் ஆர்.டி. டேவிஸ் என்றொருவர் பழைய தட்டுகளிலிருந்து ஒலி எடுத்துக் கொடுத்தார், 78 தட்டு விஷயத்தில் அவர் கை பட்டது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பிரான்ஸின் க்ளாசிக்ஸ் லேபிள் தேதி வரிசை தவறாமல் போட்டுவந்தது, ஆனால் மாற்று டேக் கொடுத்ததில்லை, ஒலியும் ஒரே சீராக இருந்ததில்லை. மற்றபடி, அடுத்தவர் சிடியிலிருந்து அப்படியே நகலெடுத்து விற்பவர்களும் உண்டு. ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது, யார் சுத்தம் செய்தார் என்று ஒரு வரிகூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

ஆறாம் படி: ஒலியைச் சோதிப்பது

மூன்று சோதனை போதும். ஒன்று, இரைச்சல். 78 தட்டில் சரசரப்பு இருக்கத்தான் செய்யும். அது கொஞ்சம்கூட இல்லையென்றால் அதோடு வேறு எதையோ சேர்த்துச் சுரண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜோ ஜோன்ஸின் ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடித் திறக்கும் ஜோடித் தாளத்தட்டு) ஒலியைக் கேளுங்கள். 'ட்ஸ்ஸ்' என்று காற்றுவிட்டுக் கேட்டால் தட்டிலிருந்து ஒலியை நன்றாக எடுத்திருக்கிறார்கள். 'டப்' என்று மழுங்கிப்போயிருந்தால், யங்கின் மூச்சும் அதோடு போயிருக்கும். அவருடைய அழகில் பாதி அந்த மூச்சில்தான்.

இரண்டு, போலி ஸ்டீரியோ. இவை எல்லாமே மோனோ பதிவுகள். 1960-களில் எல்பி போட்டபோது ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் ஆக்கி ஸ்டீரியோ என்று விற்றார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் தலைசுற்றும். பழைய எல்பி கடைகளில் இந்தத் தட்டுகள் இன்னும் வருகின்றன, 'எலக்ட்ரானிக் ஸ்டீரியோ' என்ற சொல்லைக் கண்டால் வேண்டாம்.

மூன்று, வேகம். தட்டைச் சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓட்டி நகலெடுத்திருந்தால் சுருதி ஏறிவிடும். 1936 'லேடி பி குட்' ஜி மேஜரில் இருக்கிறது. வீட்டில் கீபோர்டோ ஆர்மோனியமோ இருந்தால் சேர்த்துப் பாருங்கள், ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் எங்கேயோ தொங்கினால் அந்தத் தொகுப்பு மொத்தமும் அவசரவேலை.

ஏழாம் படி: மாற்று டேக்குகளும் வானொலிப் பதிவுகளும்

ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை வாசித்து ஒன்றைத் தேர்ந்து வெளியிடுவார்கள், மீதி பரணுக்குப் போகும். யங் ஒவ்வொரு டேக்கிலும் சோலோவைப் புதிதாகத்தான் வாசிப்பார், ஆகவே இவருடைய மாற்று டேக் வெறும் எச்சம் அல்ல. 'ஷூ ஷைன் பாய்' இரண்டு டேக்கையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டும் அதே நாள், அதே ஆட்கள், தொடக்கமே வேறு திசையில் போகிறது. ஆனால் புதியவர்கள் இதை உடனே செய்ய வேண்டாம். 'கம்ப்ளீட்' என்ற தொகுப்புகளில் ஒரே பாட்டு மூன்று முறை வரிசையாக வரும், சும்மா கேட்க உட்கார்ந்தால் அலுத்துவிடும். முதலில் வெளியான டேக்குகளை மட்டும் பட்டியல் போட்டு ஒரு மாதமாவது பழகுங்கள்.

வானொலிப் பதிவு வேறு ரகம். பேஸி பேண்ட் நடன அரங்கிலிருந்து நேரலையாக ஒலிபரப்பானதை யாராவது தட்டில் பிடித்து வைத்திருப்பார்கள். 1937 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் சாட்டர்பாக்ஸ், 1937 ஜூனில் ஹார்லெம் சவோய் பால்ரூம், இந்த இரண்டும் பல லேபிள்களில் சுற்றுகின்றன. ஒலி சுமார்தான். ஆனால் சவோயில் பில்லி ஹாலிடே பேஸி பேண்டோடு பாடுவது கேட்கும். நிறுவன ஒப்பந்தங்கள் வேறு வேறாக இருந்ததால் ஸ்டுடியோவில் இந்தச் சேர்க்கை நடக்கவே இல்லை.

நல்ல ஒலியில் வேண்டுமென்றால் சேவரி தொகுப்பு. பில் சேவரி என்ற ஒலிப்பொறியாளர் 1930-களின் கடைசியில் வானொலியிலிருந்து நேரடியாகப் பெரிய தட்டுகளில் பதிவு செய்து, சாகும்வரை பூட்டியே வைத்திருந்தார். 2010-ல் ஹார்லெமில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு அவை வந்து சேர்ந்தன. 2018-ல் மொசைக் 6 சிடியாகப் போட்டது, அதில் பேஸி பேண்டுக்கு நிறைய இடம் உண்டு. செயலிகளில் தேடும்போது 'சேவரி கலெக்‌ஷன்' என்றே தேடுங்கள். மூன்று நிமிடக் கட்டுப்பாடு இல்லாமல் யங் வாசிப்பதைக் கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை.

எட்டாம் படி: 1945-க்குப் பிறகு

சிறைக்குப் பின் யங் வீழ்ந்துவிட்டார் என்று பலர் ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒலி கனத்துவிட்டது, வேகம் குறைந்தது, குடியும் உடல்நலக் கேடும் சில பதிவுகளில் அப்பட்டமாகத் தெரிகிறது, அதெல்லாம் உண்மை. ஆனால் நல்ல நாள்கள் மிக நல்ல நாள்களாகவே இருந்தன. 1952-ல் ஆஸ்கர் பீட்டர்சன் குழுவோடு செய்தது அப்படி ஒன்று, அதில் ஒரு பாட்டை அவரே பாடியும் இருக்கிறார். அடுத்தது 1956 ஜனவரி 12, 13. முதல் நாள் 'ஜாஸ் ஜயண்ட்ஸ் 56', மறுநாள் 'பிரஸ் அண்ட் டெடி'. பழைய கூட்டாளிகள் டெடி வில்சனும் ஜோ ஜோன்ஸும் கூட இருக்கிறார்கள், அந்த நிம்மதி வாசிப்பில் தெரிகிறது. இது எல்பி காலம், ஆகவே உண்மையான ஆல்பங்கள். தனித்தனியாகவே வாங்கலாம். வெர்வ் 1999-ல் போட்ட 8 சிடி முழுத்தொகுப்பு, இவை இரண்டும் பிடித்தவர்களுக்கு மட்டும்.

வாங்கும் வரிசை

இதையெல்லாம் பார்த்து மலைக்க வேண்டாம். முதலில் செயலியில் 'லேடி பி குட்', 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்', 'லெஸ்டர் லீப்ஸ் இன்', 1937 ஹாலிடே பாட்டுகள், 1943 கீநோட் நாலு பாட்டு, இவற்றை ஒரு பட்டியலாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வெளியீட்டைத் திறந்து ஹை-ஹாட் சோதனை போட்டு நல்லதைச் சேருங்கள். பிடித்தால் முதல் சிடி அலாடின், இரண்டாவது டெக்கா மூன்று தட்டுப் பெட்டி, மூன்றாவது 'பிரஸ் அண்ட் டெடி'. மொசைக் பெட்டிகள் எண்ணி அச்சிடப்படுபவை, தீர்ந்தபின் பழைய தட்டுச் சந்தையில் விலை எகிறும். ஆகவே கையிருப்பில் இருக்கும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் அஞ்சல் செலவோடு சுங்கவரியும் சேரும், அதையும் கூட்டிப் பார்த்தபின் விலை பேசுங்கள். சிடியின் நிலை எப்படி என்பதோடு உள்புத்தகம் இருக்கிறதா என்றும் எழுதிக் கேளுங்கள். தேதியும் ஆட்கள் பெயரும் அதில்தான் இருக்கும், அது இல்லாத பெட்டிக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.